கோப்பின் முழு விவரம்: எதில் பார்ப்பது?

● விண்டோஸில் கோப்பைத் தேர்ந்தெடுத்து ஆல்ட், என்டர் விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். மேக்கில் கமாண்ட், ஐ. அளவு, வகை, தேதி உடனே தெரியும். அன்றாடத் தேவைக்கு இதுவே போதும்.

● வீடியோவில் படம் ஓடுகிறது, ஒலி வரவில்லையா? மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருளில் திறந்து பாருங்கள். கோடெக், பிட்ரேட், ரெசல்யூஷன், ஒலித்தடம் எல்லாம் தெரியும். இலவசம்.

● புகைப்படங்களுக்கு எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள்தான் சிறந்தது. கேமரா, லென்ஸ், எடுத்த நேரம், பதிவாகியிருந்தால் ஜிபிஎஸ் இடம்வரை காட்டும். இந்த விவரங்களை அழிக்கவும் செய்யும். இதுவும் இலவசம். ஆனால், பெரும்பாலும் கட்டளைகளைத் தட்டச்சு செய்தே இயக்க வேண்டும்.

● எந்த மென்பொருளையும் அதன் அதிகாரபூர்வ தளத்திலிருந்தே இறக்குங்கள்.

● வீட்டில் எடுத்த படத்தை அறிமுகமில்லாதவருக்கு அனுப்பும்முன் ஜிபிஎஸ் விவரத்தை அவசியம் நீக்கிவிடுங்கள்.