பழைய யமஹாவைப் பிரிக்கும் முன்



பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிள் ஒன்றை வீட்டிலேயே சீர்செய்ய முனைவோரில் பெரும்பாலோர் பெயிண்டிலும் குரோமியப் பூச்சிலும் தொடங்கி, கையிருப்பு தீர்ந்த பிறகே எஞ்சினை நினைக்கின்றனர். அந்த வண்டிகள் தம் காலத்தில் பெயரெடுத்ததற்குக் காரணம் அவற்றின் உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்திய நுட்பமான அளவுகளே. எனவே தேய்ந்தும் துருவேறியும் சிதைந்துபோன அந்த அளவுகளை மீட்டெடுப்பதே சீரமைப்பின் முதற்பணி. பளபளப்பு அதற்குப் பிந்தியது.

இந்தியச் சூழலில் இதைக் கற்பதற்கு யமஹா ஆர்.எக்ஸ். 100 மிகப் பொருத்தமான வண்டி. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் தொழில்நுட்பத்துடன் 1985 முதல் 1996 வரை தயாரித்த இந்த வண்டியும், அதற்கு ஓராண்டு முன்பு ஓசூரிலிருந்து வெளிவந்த இண்ட்-சுசுகியும் தமிழ்நாட்டு மெக்கானிக்குகளில் ஒரு தலைமுறையே தொழில் கற்ற வண்டிகளாகும். ஆர்.எக்ஸ். 100-இன் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் அதே 50 மில்லிமீட்டர். இவ்விரண்டும் சேர்ந்து தரும் கொள்ளளவு 98 சி.சி. இவ்வளவு சிறிய எஞ்சின் 11 குதிரைத்திறன் தந்தது எப்படி என்பதைப் புரிந்துகொண்டவருக்கே அதைப் பிரிக்கும் தகுதி வருகிறது.

இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். அதாவது பிஸ்டன் ஒருமுறை மேலேறிக் கீழிறங்குவதற்குள் எரிபொருளை உறிஞ்சுதல், அழுத்துதல், எரித்தல், புகையை வெளியேற்றுதல் ஆகிய நான்கும் முடிந்துவிடும் வகை. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் உள்ள வால்வுகளும் அவற்றை இயக்கும் கேம் தண்டும் இதில் கிடையாது; சிலிண்டர் சுவரில் வெட்டப்பட்ட, போர்ட் எனப்படும் வாய்களைப் பிஸ்டனே மூடித் திறக்கிறது. பிஸ்டன் மேலேறும்போது அதன் அடியில், கிராங்க் சுழலும் மூடிய அறையில் அழுத்தம் குறைய, ரீட் வால்வு எனப்படும் மெல்லிய தகடுகள் விலகி, கார்புரேட்டரில் கலந்த காற்றும் பெட்ரோலும் உள்ளே வருகின்றன. பிஸ்டன் கீழிறங்கும்போது அதே கலவை அழுத்தப்பட்டு, பக்கவாட்டுப் போர்ட்டுகளின் வழியே சிலிண்டருக்குள் ஏறுகிறது. கிராங்க் அறையே இந்த எஞ்சினின் பம்ப்பாக இருப்பதால், அந்த அறையில் ஊசிமுனை அளவு கசிவு இருந்தாலும் மற்ற எதைச் சரிசெய்தும் பயனில்லை. எரிபொருள் கடந்துசெல்லும் அந்த அறையில் எண்ணெயைத் தேக்கி வைக்கவும் வழியில்லை என்பதால், எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்தே சென்று உராய்வைத் தணித்து எரிந்துபோக வேண்டியுள்ளது. அந்த எண்ணெயை அளந்து அனுப்ப யமஹா பொருத்திய ஆட்டோலூப் என்னும் சிறு பம்ப் பல வண்டிகளில் கழற்றி எறியப்பட்டுவிட்டது. அது இருக்கிறதா, இருந்தால் வேலை செய்கிறதா என்று பாராமல் வெறும் பெட்ரோலை ஊற்றிக் கிக்கரை உதைப்பது பிஸ்டனைச் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளச் செய்யும்.

ஆகவே பிரிப்பதற்கு முன் சோதனை நடைபெற வேண்டும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்தி, ஆக்சிலரேட்டரை முழுவதும் திறந்து சில முறை உதைத்தால் சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம் தெரியும். அது 100 பி.எஸ்.ஐ.-க்குக் கீழே நின்றால் பிஸ்டன் ரிங்குகளின் மீதும் சிலிண்டரின் மீதும் சந்தேகம் கொள்ளலாம். அடுத்து, பிளக்கை அதன் வயரில் மாட்டி, பிளக் துளையிலிருந்து தள்ளி எஞ்சினின் உலோகத்தில் அழுத்திவைத்து உதைத்தால், நீல நிறத்தில் அழுத்தமான பொறி தெறிக்க வேண்டும். துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வருவதால் அந்த இடைவெளி அவசியம். அழுத்தமும் பொறியும் சரியாக இருக்கும் எஞ்சின் ஓட மறுத்தால், பத்தில் ஒன்பது முறை குற்றவாளி கார்புரேட்டர்தான்.

கார்புரேட்டரை நெருங்குவதற்கு முன் ஜப்பானியத் திருகுகளைப் பற்றி அறிந்துகொள்வது நல்லது. கடைகளில் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் என்று கிடைப்பது பிலிப்ஸ் என்ற அமெரிக்க வடிவத்தைச் சேர்ந்தது. ஜப்பானிய வண்டிகளின் திருகுகளோ ஜே.ஐ.எஸ். எனப்படும் ஜப்பானியத் தொழில் தரத்தின்படி வெட்டப்பட்டவை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும் முனையின் வடிவம் சற்று வேறுபடுவதால், பிலிப்ஸ் முனை ஜப்பானியத் திருகின் பள்ளத்தில் அடிவரை இறங்காமல் விளிம்பில் மட்டும் பற்றி, அழுத்தித் திருகும்போது நழுவித் தலையை மழுக்கிவிடுகிறது. இத்தகைய திருகுகள் பலவற்றின் தலையில் சிறு புள்ளி ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கண்டவுடன் அதற்குரிய ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் இறுகிப்போன எஞ்சின் மூடித் திருகுகளுக்கு, சுத்தியலால் தட்டத் தட்டத் தானே திரும்பும் இம்பாக்ட் டிரைவர் தேவைப்படும். பழைய வண்டிகளில் உளியால் வெட்டித் திருப்பிய தழும்புள்ள திருகுகள் நிறைந்திருப்பதற்கு, சில நூறு ரூபாய் மதிப்புள்ள சரியான கருவி இல்லாததே காரணம்.

ஆர்.எக்ஸ். 100-இல் உள்ள மிக்குனி கார்புரேட்டரில், எரிபொருளை அளந்துவிடும் ஜெட் எனப்படும் பித்தளைத் துளைக்குழாய்கள் இரண்டு உண்டு. வண்டி ஐடிலிங்கில் நிற்கும்போது பைலட் ஜெட்டும், ஆக்சிலரேட்டரை முழுவதும் முறுக்கும்போது மெயின் ஜெட்டும், இடைப்பட்ட நிலையில் சரிவாகக் கூர்ந்த ஊசியும் கலவையைத் தீர்மானிக்கின்றன; ஆகவே எந்தத் திறப்பில் எஞ்சின் திணறுகிறது என்பதைக் கவனித்தாலே எந்த உறுப்பைப் பார்க்க வேண்டும் என்பது விளங்கிவிடும். பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவானது. தேங்கிய பெட்ரோல் வற்றிப் பிசினாக உறையும்போது முதலில் அடைபடுவது அதுதான். கம்பியையோ ஊசியையோ விட்டுக் குத்தினால் பித்தளை தேய்ந்து துளை பெரிதாகி, ஜெட்டின் மீது பொறித்த எண் பொய்யாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றழுத்தத்தால் ஊதுவதே முறை. இப்போது இந்தியாவில் விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்த்துத் துருவை வளர்ப்பதோடு, அதற்காகச் செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்களையும் ஓரிங்குகளையும் உப்பவைக்கிறது. கலவையில் எரிபொருளின் விகிதத்தையும் சற்றுக் குறைத்துவிடுகிறது. வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தும் வண்டியின் கார்புரேட்டரை வடித்துவிடும் பழக்கம் இன்று முன்னைவிட அவசியமாகியுள்ளது.

கிராங்க் தண்டின் இரு முனைகளிலும் உள்ள ஆயில் சீல்கள்தாம் இந்த வண்டிகளில் அதிகம் புறக்கணிக்கப்படுபவை. கிளட்ச் பக்கத்துச் சீல் கிழிந்தால், கியர் ஆயில் கிராங்க் அறைக்குள் உறிஞ்சப்பட்டு அடர்ந்த புகையாக வெளியேறும். கியர் ஆயிலின் மட்டம் காரணமின்றி இறங்குவதே அதன் அடையாளம். மேக்னட் பக்கத்துச் சீல் போனால் விளைவு இன்னும் மோசம்: வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவையில் பெட்ரோல் குறைய, எஞ்சின் தானாகவே வேகமெடுத்து, சூடேறி, இறுதியில் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். அப்போது பிஸ்டனைக் குறைகூறிப் புதிய பிஸ்டன் போடுபவர், அதே நோய்க்கு இரண்டாவது பிஸ்டனையும் பலிகொடுக்கிறார். கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பர் அடைப்பால் மூடி, கைப்பம்ப்பால் சுமார் 6 பி.எஸ்.ஐ. காற்றை மட்டும் செலுத்தி, சில நிமிடங்கள் அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்து, இறங்கினால் சோப்பு நீரைத் தடவிக் குமிழி வரும் இடத்தைத் தேடும் சோதனை, செலவேதுமின்றி உண்மையைச் சொல்லும். எஞ்சினைப் பிரிக்கும் முன் ஒருமுறையும் பூட்டிய பின் ஒருமுறையும் இதைச் செய்யாத சீரமைப்பு முழுமையற்றது.

சிலிண்டர் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் அதை லேத் பட்டறையில் குடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவது வழக்கம். இதையே ரீபோர் என்பர். பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்னும் படிகளில் கூடுதல் விட்டத்துடன் கிடைக்கின்றன. நான்காம் படிக்குப் பின் சுவரில் இடமில்லை. ஆக, ஒரு சிலிண்டருக்கு ஆயுளில் நான்கு வாய்ப்புகளே உண்டு. கடைசிப் படியை எட்டிய எஞ்சினின் கொள்ளளவு ஏறக்குறைய 102 சி.சி. மட்டுமே என்பதால், வேகத்துக்காக ரீபோர் செய்வது ஒரு வாய்ப்பை வீணடிப்பதே. சுவரை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலும் நெடுக்காகவும் குறுக்காகவும் போர் கேஜால் அளந்து, கையேட்டில் குறித்த எல்லையைத் தேய்மானம் தாண்டியிருந்தால் மட்டுமே பட்டறைக்குப் போக வேண்டும். பிஸ்டனை முதலில் வாங்கி, அதை அளந்து, அதற்கேற்பவே குடையச் சொல்ல வேண்டும். இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று நான்கு பங்கு மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில் கண்மதிப்புக்கு வேலையில்லை. குடைந்த பின் போர்ட்டுகளின் விளிம்பு கத்தியாக நிற்கும்; அதை மெல்லத் தேய்த்து மழுக்காவிட்டால் ரிங் அதில் சிக்கி ஒடியும்.

சைலன்சரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது, ஏனெனில் இந்த வண்டிகளில் அதிகம் வெட்டப்படும் உறுப்பு அதுவே. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை வெளியேறும் போர்ட்டும் புதிய கலவை வரும் போர்ட்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் கணம் ஒன்று உண்டு. அக்கணத்தில் எரியாத கலவையும் புகையோடு தப்பிவிடும். விரிந்து பின் குறுகும் வடிவில் குழாயை அமைத்தால், வெளியேறும் அழுத்த அலை குறுகலில் மோதித் திரும்பி, தப்பிய கலவையைச் சிலிண்டருக்குள் மீண்டும் தள்ளும். கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியாளர் 1950-களில் இந்த உத்தியைப் பந்தய வண்டிகளில் முதிரச் செய்தார். அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961 செப்டம்பரில் சுவீடன் பந்தயத்தின்போது கிழக்கு ஜெர்மனியை விட்டுத் தப்பிச் சென்று, அந்த அறிவோடு சுசுகியில் சேர்ந்தார். மறு ஆண்டே சுசுகி 50 சி.சி. பிரிவில் உலகப் பட்டம் வென்றது. அந்தப் பந்தயக் களத்தில் முதிர்ந்த அறிவே பிற்காலத்து ஜப்பானியச் சாலை வண்டிகளின் குழாய்களிலும் அடங்கியிருக்கிறது. உள்ளிருக்கும் தடுப்பைக் கழற்றியும் குழாயைக் குட்டையாக்கியும் சத்தத்தைப் பெருக்குவோர், அலை திரும்பும் நேரத்தைக் கெடுத்து, சத்தத்துக்கு ஈடாக இழுவையை இழக்கின்றனர். கரி அடைத்த சைலன்சருக்கு வேண்டியது சுத்தம் மட்டுமே.

எஞ்சினுக்கு வெளியேயும் கவனிக்க வேண்டியவை உண்டு. பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், டிரம்மைத் திறந்தவுடன் தூசியை வாயாலோ காற்றாலோ ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். டேங்கின் துருவுக்கு எலுமிச்சை உப்புக் கரைசல் போதுமானது. வேலை முடிந்ததும் சமையல் சோடா நீரால் அலசி, உலர்த்தி, உடனே எண்ணெய் பூச வேண்டும்.

சட்டமும் இங்கே அசல் நிலையின் பக்கமே நிற்கிறது. 2021-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டதும், சேசிஸ், எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யப்படாததுமான வண்டியே தொன்மை வாகனம் என்ற தனிப்பதிவைப் பெற முடியும். ஆர்.எக்ஸ். 100 அந்த வயதை எட்டவில்லை. அதற்கு 15 ஆண்டு முடிந்தபின் 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிப்பு தேவை. எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்கத் தக்கதன்று. பெயிண்ட் உரிக்கும்போது அந்த எண்களின் மேல் சாணைக்கல் படவே கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். புதிய உறுப்பைப் பொருத்தியவுடன் கழற்றிய பழைய கார்புரேட்டரையும் சைலன்சரையும் ஆட்டோலூப் பம்ப்பையும் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். சந்தையில் யமஹா பெயரோடு விற்கப்படும் போலி உறுப்புகள் ஏராளம்; அசல் உறுப்பு தேய்ந்திருந்தாலும், சரியான அளவு எது என்று ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றே சான்றாக இருக்கும். பெயர் எழுதி, எண்ணெய் தடவி, பெட்டியில் வைத்திருங்கள்.