சிறு பிள்ளைகளின் கவனத்தை அளப்பது எவ்விதம்?



பருப்பை நிறுக்க நம்மிடம் தராசு உண்டு. துணியை அளக்க முழக்கோல் உண்டு. இரண்டு வயதுப் பிள்ளையின் கவனத்தை அளக்க என்ன உண்டு? பேச்சுத் திருந்தாத பிள்ளையிடம், "நீ கவனித்தாயா?" என்று கேட்டுப் பயனில்லை. ஆகையினால் ஆராய்ச்சியாளர் அதன் கண்ணையும் கையையும் இருதயத்தையும் பார்த்து அறிகின்றனர்.

அமெரிக்காவில் ராபர்ட் ஃபான்ட்ஸ் என்பவர் கைக்குழந்தையை மல்லாக்கக் கிடத்தி, மேலே இரண்டு படங்களை வைத்து, சிறு துவாரத்தின் வழியே நோக்கினார். குழந்தையின் கண்மணியில் எந்தப் படத்தின் நிழல் விழுகிறதோ அதைத்தான் அது பார்க்கிறது என்று கொண்டு, வினாடிகளைக் கணக்கிட்டார். ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் பார்க்கும் நேரம் குறைகிறது, புதுப் படம் வந்தால் நேரம் கூடுகிறது என்பதை 1964-ல் வெளியிட்டார். பிள்ளை சலித்துவிட்டது என்று நாம் சொல்வது, அப்படத்தை அது அறிந்து கொண்டது என்பதற்கு அடையாளமாம்!

இம்முறை சிங்கப்பூரிலும் கையாளப்பட்டது. சீன, மலாய், இந்தியத் தாய்மாரைச் சேர்த்து 2009-ல் துவங்கிய 'கஸ்டோ' ஆராய்ச்சியில் ஆறு மாதக் குழந்தைகளுக்குக் கரடி, ஓநாய் படங்களைக் காட்டினர். வீட்டில் இரண்டு மொழி கேட்டு வளர்ந்தவை பழைய படத்தை விரைவில் விட்டுப் புதியதை அதிக நேரம் பார்த்தன என்று 2015-ல் எழுதினர். இதைக் கொண்டு இரு மொழிப் பிள்ளைகளெல்லாம் மேதாவிகள் என்று கொள்ள வேண்டாம். ஆயினும், தமிழும் பேசினால் பிள்ளை குழம்பும் என்று அஞ்சும் தாய்மார் இதை அறிவது நலம்.

நடக்கத் துவங்கிய பிள்ளை படத்தின் முன் உட்காருமா? ஆதலால் விளையாட்டுச் சாமானைக் கொடுத்துப் படமெடுக்கின்றனர். பார்வை சாமானில் பதிந்து, முகம் தீவிரமாகி, பேச்சு அடங்கி, கை அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்குமாயின் அதுவே ஊன்றிய கவனம். ஒருவர் கணக்கு தவறலாம் என்பதால் இருவர் தனித்தனியே குறித்து ஒப்பிடுவர்.

இவ்வழியில் 2008-ல் அமெரிக்காவில் வெளியான ஒன்றை வீட்டிலுள்ளோர் அவசியம் அறிய வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகள் 50 பேரை ஒரு மணி நேரம் விளையாட விட்டனர். அதில் அரை மணி நேரம் பக்கத்தில் டெலிவிஷன் ஓடியது. அதுவும் பெரியவர்களுக்கான வினாவிடை நிகழ்ச்சி! பிள்ளைகள் நிமிஷத்திற்கு ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. திரும்பினாலும் சில வினாடிகளே. அப்படியிருந்தும் ஒரு சாமானோடு விளையாடும் நேரம் குறைந்தது, ஊன்றிய கவனமும் குறைந்தது. "அது பார்க்கவே இல்லையே, ஓடினால் என்ன?" என்று நாள் முழுதும் பெட்டியை ஓடவிடும் வீடுகள் நம்மில் எத்தனை!

கண் மட்டும் சாட்சியாகாது. விழி படத்தின்மேல் இருக்க, மனம் வேறெங்கோ போய்விடும் (ஜும்ஆ குத்பாவில் பெரியவர்களுக்கே நேர்வதுதான்). கவனம் பதியும்போது குழந்தையின் இருதயத் துடிப்பு மெதுவாகிறது, கவனம் விட்டதும் பழைய வேகத்திற்குத் திரும்புகிறது. இதைக் கருவி வைத்துக் குறிக்கின்றனர்.

தூங்கிவிட்ட, அழுத, எழுந்து ஓடிய பிள்ளைகளின் கணக்கைச் சேர்ப்பதில்லை. மற்றவற்றையும் பலரைத் திரட்டிச் சராசரியாகவே பார்க்கின்றனர். ஒருநாள் ஓரிடத்தில் எடுத்த அளவை வைத்து, இன்ன பிள்ளை கவனமற்றது என்று ஆராய்ச்சியாளரே தீர்ப்புச் சொல்வதில்லை.