கொடியிலிருந்து எடுக்கும் நேரம்

அன்புள்ள தங்கைக்கு,

மேல்பட்டாம்பாக்கத்தில் வீட்டுப் பின்கட்டிலேயே சலவைத் தொழில் தொடங்கியிருப்பதாகவும், நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து லினன் சட்டைகளும் சேலைகளும் வர ஆரம்பித்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். பருத்தியில் பழகிய கைக்கு லினன் அடங்கவில்லை, எத்தனை முறை தேய்த்தாலும் சுருக்கம் போகவில்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். உன்னைப் போல் புதிதாக வந்திருக்கும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே பதில் எழுதுகிறேன்.

முதலில் நாரைத் தெரிந்துகொள். பருத்தி காயில் வெடிப்பது. லினன் ஆளிச்செடியின் தண்டிலிருந்து பிரித்தெடுக்கும் பட்டை நார். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் ஆளிவிதை அந்தச் செடியின் விதைதான். நம் நாட்டில் ஆளியைப் பெரும்பாலும் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். துணிக்கு வேண்டிய நார் பிரான்ஸ், பெல்ஜியம் பக்கத்து வயல்களிலிருந்து வந்து, மேற்கு வங்கத்து ரிஷ்ராவில் இருக்கும் ஜெயஸ்ரீ போன்ற ஆலைகளில் நூலாகிறது. இந்த நாருக்கு நனைந்தால் வலு கூடும். ஆகவே தண்ணீரைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் இழுத்தால் நீளாது. நூற்றுக்கு மூன்று பங்கு நீள்வதற்குள் அறுந்துவிடும். பருத்தி அதைப்போல் இரண்டு மடங்கு தாங்கும். லினன் சட்டென்று கசங்குவதும், ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்த சேலை அந்த மடிப்பிலேயே கீறிக்கொள்வதும் இதனால்தான். லினன் சலவையில் எந்தக் கட்டத்தில் எவ்வளவு ஈரம் என்று கை அறிய வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நெய்வேலியிலிருந்து வரும் துணியை அப்படியே வாளியில் அமுக்கிவிடாதே. நிலக்கரிச் சுரங்கமும் அனல்மின் நிலையமும் உள்ள ஊர். கண்ணுக்குத் தெரியாத தூசு காலரிலும் கைமடிப்பிலும் இருக்கும். அது ஈரப்பட்டால் இழைக்குள் இறங்கிச் சாம்பல் நிறம் கொடுத்துவிடும். முதலில் உதறு, மெல்லிய பிரஷ்ஷால் தட்டு, பிறகு நனை. புதுத் துணியானால் ஏற்கெனவே நனைத்ததா என்று கேட்டுக்கொள். முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சுருங்குவது சாதாரணம். ஆலையிலேயே சுருக்கி எடுக்காத துணி இன்னும் சுருங்கும். இதை வாங்கும்போதே வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டால் பின்னால் வழக்கு வராது.

போர் தண்ணீர் கடினமாக இருந்தால் சோப்பு நுரைக்காது. நுரைக்காத சோப்பு சுண்ணாம்போடு சேர்ந்து துணியில் திட்டாகப் படிந்து, லினன் அட்டை மாதிரி விறைத்துவிடும். கட்டிச் சோப்பை விட்டுவிட்டு மிதமான திரவ சோப்பை அளவாகப் போடு. கடைசி அலசலில் ஒரு வாளிக்கு இரண்டு கரண்டி வெள்ளை வினிகர் விட்டால் படிவு கரையும். சாயம் ஏற்றாத பழுப்பு லினனுக்கு ‘பளிச் வெண்மை’ என்று விளம்பரம் செய்யும் பவுடர் வேண்டவே வேண்டாம். அதிலிருக்கும் ஒளிரும் பொருள் துணியின் இயல்பான நிறத்தை மாற்றிவிடும். ஒருமுறை மாறினால் திரும்பாது. பூந்திக்கொட்டை நல்லதுதான், வெளிர் நிறங்களில் மட்டும் கவனம், லேசாகப் பழுப்பேறும். கல்லில் அடிக்காதே, முறுக்கிப் பிழியாதே. தண்ணீர் தானாக வடியட்டும், பிறகு பழைய துண்டில் சுருட்டி அழுத்து.

கறைதான் உன் ஊரில் பெரிய பாடம். பக்கத்திலேயே பண்ருட்டி, பலாவும் முந்திரியும். பலாப்பால் பிசின். தண்ணீரில் கரையாது, வெந்நீரில் இன்னும் பரவும். கறையின் மேல் தேங்காய் எண்ணெயைத் தடவி, பிசின் இளகியதும் மழுங்கிய கத்தியால் வழித்தெடு. மிஞ்சும் எண்ணெயைத் திரவ சோப்பால் நீக்கு. முந்திரிப் பழச்சாறு இதற்கு நேர்மாறு. அதில் இருப்பது துவர்ப்பு. பட்ட உடனே பச்சைத் தண்ணீரில் அலசினால் பெரும்பாலும் போய்விடும். சோப்புக் கட்டியைத் தேய்த்தால் ஊன்றிவிடும். இரும்புச் சத்துள்ள தண்ணீர் பட்டாலோ கருத்துவிடும். கலம்காரிக்காரர்கள் கடுக்காய்த் துவர்ப்பையும் இரும்பு நீரையும் சேர்த்துத்தான் அந்த அழியாத கறுப்பையே எடுக்கிறார்கள். எனவே முந்திரிக் கறைத் துணியைத் துருப்பிடித்த வாளியில் ஒரு நிமிடம்கூட வைக்காதே. ‘என்ன கறை?’ என்று கேட்காமல் எந்தத் துணியையும் வாங்காதே.

கறை போகவில்லை என்றதும் கை பிளீச்சிங் பவுடர் டப்பாவைத் தேடும். அங்கேதான் உன்னைத் தடுக்க விரும்புகிறேன். 1690இல் ஆங்கிலக் கம்பெனி கடலூரில் செயின்ட் டேவிட் கோட்டையை வாங்கியது இந்தக் கரையின் துணி வியாபாரத்துக்காகத்தான். அந்தத் துணியை வெளுத்தவர்கள் உழைத்த காலத்தில் பிளீச்சிங் பவுடர் கிடையாது. சென்னையின் வண்ணாரப்பேட்டை கம்பெனித் துணியை வெளுத்தவர்களால் பெயர் பெற்றது; கடலூரிலும் ஒரு வண்ணாரப்பாளையம் இருக்கிறது. உவர்மண், வெள்ளாவி, ஆற்று நீர், வெயில். இந்த நான்கையும் கொண்டு உலகம் விரும்பிய வெண்மையைக் கொடுத்தார்கள். ஐரோப்பாவிலும் அதே காலத்தில் லினனைச் சாம்பல் நீரில் வேகவைத்து, புளித்த மோரில் ஊறவைத்து, புல்வெளியில் மாதக்கணக்கில் விரித்துத்தான் வெளுத்தார்கள். 1799இல் கிளாஸ்கோவில் சார்லஸ் டென்னன்ட் பிளீச்சிங் பவுடருக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு மாதங்கள் நாட்களாகச் சுருங்கின. ஆனால் அந்தக் குளோரின் நாரை அரிக்கும். நான்கைந்து சலவைக்குப் பிறகு துணி மஞ்சளடித்து, இழை பொடியும். வெள்ளை லினனுக்கு வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் பிளீச், அதாவது சோடியம் பெர்கார்பனேட் போதும், பிறகு வெயில். பிளீச்சிங் பவுடரையும் வினிகரையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதே. கிளம்பும் வாயு மூச்சை அடைக்கும், பின்கட்டு மாதிரி அடைசலான இடத்தில் உயிருக்கே ஆபத்து.

இனி நீ கேட்ட இஸ்திரி. முழுக்கக் காய்ந்த லினனில் பெட்டியை எவ்வளவு அழுத்தினாலும் சுருக்கம் போகாது. அழுத்தினால் மினுமினுப்பாக ஒரு தடம்தான் விழும். கொடியில் தொடுவதற்குக் குளிர்ச்சியாக, கையில் ஈரம் ஒட்டாமல் இருக்கும்போதே எடுத்துவிடு. சித்திரை வெயிலில் அது கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும், கொடியை விட்டு நகராதே. ஐப்பசி, கார்த்திகையில் நாள் முழுக்கக் காத்தாலும் வராது. அப்போது காற்றாடியடியில் காயவை, ஈரத்தோடு சுருட்டி இரவு முழுக்கப் போட்டுவைக்காதே, பூஞ்சைப் புள்ளி விழுந்துவிடும். சாயத் துணியை உட்புறம் திருப்பி நிழலில் போடு. எடுக்க நேரம் தவறிவிட்டால் தண்ணீர் தெளித்து, சுருட்டி, அரைமணி மூடிவைத்து ஈரம் சீராகப் பரவிய பின் தேய். சூடு அதிகம் வேண்டும். துணியின் உட்பக்கச் சீட்டில் இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் மூன்று புள்ளி இருந்தால் 200 டிகிரி வரை போகலாம். இரண்டு புள்ளியானால் 150ஐத் தாண்டாதே, அதில் வேறு நூல் கலந்திருக்கும். அடர் நிறத்தை உட்புறமாகவே தேய்.

கரிப்பெட்டியின் கனம் லினனுக்கு ஏற்றதுதான். ஆனால் பறக்கும் பொறியும் புகையும் துணிக்கும் உன் நெஞ்சுக்கும் கெடுதல். திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் இதற்காகவே சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து, 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டு மேடை வரை போனார். வசதி வரும்போது நீயும் கரியிலிருந்து வெளியே வா.

சேலைக்குக் கெட்டிக் கஞ்சி போடச் சொல்வார்கள். மறுத்துவிடு, விறைத்த மடிப்பில்தான் இழை முதலில் முறியும், பூச்சியும் அரிக்கும். குழலில் சுருட்டிக் கொடு, அல்லது மாதம் ஒருமுறை மடிப்பை மாற்றச் சொல்லி அனுப்பு.

கூலி விஷயத்தில் கூச்சப்படாதே. லினன் சட்டைக்குக் கொடியருகே காத்திருக்கும் நேரமும் வேலைதான். பருத்திச் சட்டைக்கு வாங்குவதைவிடக் கூடுதலாகக் கேள், ஏன் என்று கேட்பவருக்கு விளக்கிச் சொல். கொடுக்க மனமில்லாதவரின் துணியைத் திருப்பிக் கொடுத்துவிடு.

அன்புடன்,
அக்கா