ஆப்பிரிக்க மீனுக்கு அயல்வீட்டார் யார்?

சேரன்மகாதேவியில் தாமிரபரணி நீர் குறைந்திருக்கும் நாளில் படித்துறைப் பக்கம் போய்ப் பாருங்கள். கரையோர மணலில் சாப்பாட்டுத் தட்டு அளவில் வட்ட வட்டப் பள்ளங்கள் தென்படலாம். பள்ளத்தின் மேல் கறுத்த மீன் ஒன்று காவல் நிற்கும். வேறொன்று நெருங்கினால் பாய்ந்து விரட்டும். அதுதான் ஜிலேபிக் கெண்டை. நம் ஊர் மீன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை, தென்கிழக்கு ஆப்பிரிக்க ஆறுகளைச் சேர்ந்த சிக்லிட் அது. உணவுக்காக 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இந்தியாவில் இயல்பாக வாழும் சிக்லிட்கள் மூன்றே இனங்கள்தாம். கேரளத்தின் கரிமீன் அவற்றுள் ஒன்று.

பள்ளம் தோண்டுவது ஆண். பெண் முட்டையிட்டதும் அவற்றை வாயில் எடுத்து அடைகாக்கும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பின்னும், ஆபத்தென்றால் தாயின் வாய்க்குள் ஓடி ஒளியும். என்ன அக்கறை! ஆனால் ஆணின் அந்தக் காவல் குணம் கண்ணாடித் தொட்டிக்குள் வந்தால் என்ன ஆகும்? தோற்ற மீன் ஆற்றில் ஓடிவிடும். தொட்டியில் ஓட இடமில்லை, அடிபட்டே சாகும்.

கடைகளில் கிடைக்கும் வண்ண சிக்லிட்களில் பல மலாவி ஏரியைச் சேர்ந்தவை. அவற்றுக்கு 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரமுள்ள தொட்டியாவது வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள்: 243 லிட்டர். தண்ணீர் மட்டுமே 243 கிலோ! கண்ணாடியும் கல்லும் சேர்த்தால் வீட்டுப் படிப்பு மேசை தாங்காது.

அடுத்தது தண்ணீர். மலாவி நீர் கடின நீர், அதன் பி.எச். சுமார் 7.8 முதல் 8.6 வரை. உங்கள் வீட்டுக் கிணற்று நீரையும் ஆற்று நீரையும் இரண்டு பாட்டில்களில் எடுத்து, ஒரே அளவு சோப்புக் கரைசல் விட்டுக் குலுக்குங்கள். நுரை குறைந்து திரி திரியாகப் படிவது எதுவோ அதுவே கடின நீர். மென்னீர்தான் கிடைக்கிறதென்றால், நன்றாகக் கழுவிய கிளிஞ்சல்களைத் தொட்டியின் அடியில் பரப்பலாம். அவற்றிலுள்ள கால்சியம் கார்பனேட் சிறிது சிறிதாகக் கரையும். அமேசான் நாட்டு ஆஸ்கர் மீனும் சிக்லிட்தான். ஆனாலும் அது மென்னீர்ப் பிராணி. பெரிதாக வளர்ந்து சிறு மீன்களை விழுங்கவும் செய்யும். கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் இங்கே சேர்க்காதீர்கள்.

இனி, யாரோடு யார்? ஒரே நிறமுள்ள இரண்டு இனங்களைச் சேர்க்காதீர்கள். ஆண்கள் ஒன்றையொன்று போட்டியாளராகவே எண்ணும். ‘எலெக்ட்ரிக் யெல்லோ’ எனப்படும் மஞ்சள் லேபிடோக்ரோமிஸ் ஓரளவு சாது. அதனோடு செம்பழுப்பு ‘ரஸ்டி’ பொருந்தும். ஒவ்வோர் இனத்திலும் ஓர் ஆணுக்கு மூன்று பெண்கள் இருந்தால், விரட்டல் ஒருத்தி மேலேயே விழாது. குகைகள் அமையும்படி கல் அடுக்குங்கள். ஆரேட்டஸ் வேண்டாம். குஞ்சில் மஞ்சள் உடலும் கருங்கோடுமாக மனத்தைக் கவரும். வளர்ந்த ஆண் கறுத்துவிடும், பத்துப் பதினோரு செ.மீ. உடம்பை வைத்துக்கொண்டு தொட்டி முழுவதையும் ஆளும். பாசியைச் சுரண்டித் தின்னும் இனங்களுக்குக் குடல் நீளம். புழுவும் இறைச்சியும் மிகுந்தால் வயிறு ஊதி இறந்துவிடும். எனவே மீனைத் தின்னும் இனங்களோடு அவற்றைக் குடிவைக்க முடியாது.

எல்லாம் சரியாக அமைந்தால் குஞ்சுகள் பெருகும். அவற்றை நண்பருக்குக் கொடுங்கள், கடையில் திருப்பிக் கொடுங்கள். கன்னடியன் கால்வாயில் மட்டும் விடாதீர்கள். 1952-இல் வந்த ஜிலேபிக் கெண்டையை நம் ஆறு குளங்களிலிருந்து இன்றுவரை எவராலும் முற்றாக வெளியேற்ற முடியவில்லை.