விட்டு விட்டு வரும் மின்கோளாறும் பட்டறைச் செலவும்

கடைக் கணக்கில் வண்டிச் செலவு என்று ஒரு தலைப்பு நம் எல்லோரிடமும் உண்டு. டீசல், டயர், இன்சூரன்ஸ், எஃப்.சி. ஆகியவற்றை ஓரளவு முன்கூட்டியே கணக்கிட்டு வைக்க முடியும். கணக்கில் அடங்காதது ஒன்றுதான். நேற்று வரை நன்றாக ஓடிய வண்டி இன்று விடியற்காலையில் செல்ஃப் எடுக்காது. தள்ளி ஸ்டார்ட் செய்து பட்டறைக்குக் கொண்டு போனால், அங்கே சாவியைத் திருப்பியதும் உடனே கிளம்பும். மெக்கானிக் நம்மைப் பார்ப்பார். நாம் மெக்கானிக்கைப் பார்ப்போம். இப்படி வந்து வந்து மறையும் மின்கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது, அதற்குக் கொடுக்கும் பணம் வீணாகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதைச் சீர்காழி வட்டார வணிகர்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கடை லோடு வண்டியில் பட்ட அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழை தொடங்கிய வாரம். கும்பகோணத்தில் சரக்கெடுக்க அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கிறது. ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, செல்ஃப் மட்டும் சுற்றவில்லை. பட்டறையில், "பேட்டரி போயிடுச்சு முதலாளி" என்றார்கள், 5,200 ரூபாய். பத்து நாள் ஓடியது. மறுபடி அதே 'டக்'. செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கார்பன் மாற்றினார்கள், 2,800. மூன்று வாரம் கழித்துச் சாவி சுவிட்ச், 1,400. இடையில் இரண்டு நாள் வாடகை வண்டி பிடித்த வகையில் 3,600. ஆக மொத்தம் 13,000 ரூபாய். நான்காவது முறை வேறொரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனோம். அவர் எதையும் கழற்றவில்லை. மீட்டரை வைத்து இருபது நிமிடம் பார்த்துவிட்டு, பேட்டரியிலிருந்து சேஸுக்குப் போகும் எர்த் ஒயரின் முனையைக் காட்டினார். போல்ட்டுக்கு அடியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. சுரண்டி, முனையை மாற்றி, இறுக்கிக் கொடுத்தார். கூலி 300 ரூபாய்.

முதல் பட்டறைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு பாகத்தை மாற்றும்போதும் பேட்டரி இணைப்புகளைக் கழற்றி மாட்டியிருக்கிறார். அந்த அசைவில் ஒயர் சற்று நன்றாகத் தொட்டுக்கொண்டது. சில நாள் ஓடியது. மாற்றிய பாகத்தால் சரியானது என்று அவரும் நம்பினார், நாங்களும் நம்பினோம். இவ்வகைக் கோளாறின் தந்திரமே இதுதான்.

லைட் எரியும்போது செல்ஃப் ஏன் சுற்றவில்லை என்ற கேள்விக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். பள்ளியில் படித்த ஓம் விதிதான்: மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கினால் இழக்கும் வோல்ட் கிடைக்கும். களிம்பேறிய இணைப்பில் தடை 0.02 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மிகச் சிறிய அளவு. இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து எடுப்பது ஏறக்குறைய 10 ஆம்பியர். 10-ஐ 0.02-ஆல் பெருக்கினால் 0.2 வோல்ட். இந்த இழப்பைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. லைட் பளிச்சென்றே எரியும். செல்ஃப் மோட்டாரோ 150 ஆம்பியர் கேட்கும். 150-ஐ 0.02-ஆல் பெருக்கினால் 3 வோல்ட். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் மூன்று வோல்ட் வழியிலேயே போய்விட்டால் மோட்டார் எப்படிச் சுற்றும்? ஆகவே லைட் எரிகிறது என்பதை வைத்து ஒயர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. மீட்டரில் 'பீப்' சத்தம் கேட்டு ஒயர் நன்றாக இருக்கிறது என்பதும் இதே தவறுதான். 0.02 ஓமுக்கும் சாதாரண மீட்டர் தாராளமாகப் 'பீப்' அடிக்கும்.

சரியான சோதனை, வேலை நடக்கும்போதே இழப்பை அளப்பது. மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையைச் சுத்தமான இடமாகப் பார்த்து எஞ்சின் இரும்பிலும் வைத்துக்கொண்டு, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. ஒன்று, ஒன்றரை என்று ஏறினால் குற்றவாளி அந்த வழியில்தான் இருக்கிறான். பாசிட்டிவ் பக்கமும் அப்படியே, பேட்டரிக் கம்பத்திலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரை பார்க்கலாம். மீட்டர் இல்லாதவர்கள் நாலைந்து முறை செல்ஃப் அடித்துப் பார்த்தபின் இணைப்புகளைப் பதமாகத் தொட்டுப் பார்த்தாலே போதும். எந்த முனை சுடுகிறதோ அதுதான்.

பேட்டரியைக் குறை சொல்லும்முன் அதையும் அளந்துவிட வேண்டும். இரவு முழுதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் டைனமோ சார்ஜ் கொடுக்கிறது என்று பொருள். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியின் மேல் சந்தேகப்படலாம். இந்த மூன்று எண்களையும் வண்டியின் சன்னல் கண்ணாடி ஓரத்தில் ஒட்டி வைத்தாலும் தவறில்லை.

நம் பகுதியில் இது ஏன் அதிகம் என்று கேட்டால், திருமுல்லைவாசலும் பூம்புகாரும் பழையாறும் எவ்வளவு தூரம்? உப்புக் காற்று இருக்கும் இடத்தில் செம்பு சீக்கிரம் களிம்பேறும். அதோடு வடகிழக்குப் பருவமழை. 2022 நவம்பர் 11-ஆம் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள் சீர்காழியில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க முடியாது. இடுப்பளவு நீரில் நின்ற வண்டியைத் துடைத்துக் காயவைத்து ஓட்டலாம். ஆனால் கப்ளருக்குள் புகுந்த நீர் உள்ளேயே இருந்து, மாதக்கணக்கில் பின்னை அரித்துக்கொண்டிருக்கும். கோளாறு சித்திரையில் தலைகாட்டும்போது மழை நம் நினைவிலேயே இருக்காது. வெள்ளத்தில் நின்ற வண்டியை அந்த இடத்திலேயே ஸ்டார்ட் செய்யக் கூடாது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு இழுத்துப் போவதே நல்லது.

அடுத்தது எலி. சம்பா அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலிகள் குடோனுக்கு வரும். குடோன் வாசலில் நிற்கும் வண்டியின் சூடான எஞ்சினுக்கடியிலும் போய்ப் படுக்கும். ஒயரின் மேலுறையை மட்டும் கடித்துவிட்டுப் போனால், வண்டி குலுங்கும்போது மட்டும் செம்பு பாடியில் தொடும். மேடு பள்ளத்தில் பியூஸ் போகிறது, நல்ல சாலையில் போகவில்லை என்றால் முதலில் எலியை நினைக்க வேண்டும். அந்தப் பியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. 10 ஆம்பியருக்குச் சிவப்பு, 15-க்கு நீலம், 20-க்கு மஞ்சள், 30-க்குப் பச்சை என்று நிறமே சொல்கிறது. சிவப்பு இருந்த இடத்தில் பச்சையைப் போட்டால் ஒயர்தான் பியூஸாக எரியும்.

நாமே செய்யக்கூடிய பராமரிப்பு எளிது. பேட்டரிக் கம்பத்தில் பூக்கும் வெள்ளைப் பொடியை, நம் கடையிலேயே விற்கும் ஆப்பசோடாவை வெந்நீரில் கரைத்துத் துலக்கலாம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில். காய்ந்தபின் மேலே வாசலின் தடவ வேண்டும்.

இனி பட்டறைச் செலவுக்கு வருவோம். கடன் நோட்டுப் போல வண்டியில் ஒரு நோட்டு இருக்கட்டும். கோளாறு வந்த தேதி, நேரம், மழையா வெயிலா, எஞ்சின் சூடா குளிர்ச்சியா, ஏ.சி., வைப்பர் எது ஓடியது, டேஷ்போர்டில் எந்த விளக்கு எரிந்தது, எப்படித் தானாகச் சரியானது என்பதை டிரைவர் எழுத வேண்டும். கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்து வைத்தாலும் சரி. பட்டறையில் மறைந்துவிடும் கோளாறுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. மெக்கானிக்கும் எஞ்சினை ஓடவிட்டு ஒயர்க் கட்டை ஒவ்வோர் இடமாகக் குலுக்கிப் பார்க்கலாம். ரிலே மேல் சந்தேகம் என்றால் அதே அளவுள்ள ஹாரன் ரிலேயை எடுத்து அந்த இடத்தில் மாட்டிப் பார்க்கலாம், காசு செலவில்லை.

2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ்.-6 வண்டிகளில் ஸ்கேனர் போட்டுக் குறியீடு எடுப்பார்கள். குறியீடு வந்ததும் அந்த சென்சாரை மாற்றச் சொல்வது வழக்கமாகிவிட்டது. பி0340 என்று வந்தால் கேம்ஷாஃப்ட் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்றுதான் பொருள். சுற்று என்றால் சென்சார், கப்ளர், ஒயர், எர்த் எல்லாமே அடங்கும். மற்றவற்றைப் பார்த்துவிட்டு சென்சாருக்கு வரலாமே.

இங்கே நம் பக்கத்துத் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 5,000 ரூபாய் பேட்டரிக்கு முணுமுணுக்காமல் கொடுக்கும் நாம், "ஒரு மணி நேரம் தேடினேன், 500 கொடுங்கள்" என்றால் சண்டைக்குப் போகிறோம். தேடுவதற்குக் கூலி கிடைக்காத இடத்தில் பாகம் மாற்றித்தான் பிழைக்க முடியும். எனவே சோதனைக் கூலி தனி, பழுதுக் கூலி தனி என்று முதலிலேயே பேசிவிடுவது இருவருக்கும் நல்லது. சோதனை முடிந்ததும் போன் செய்யச் சொல்லி, காரணத்தைக் கேட்டு, சம்மதம் கொடுத்தபின் பாகம் வாங்கச் சொல்ல வேண்டும். மின்பாகங்களை விற்றபின் உதிரிபாகக் கடைக்காரர் பெரும்பாலும் திரும்ப எடுப்பதில்லை. ஆகவே ஊகித்து வாங்கும் நட்டம் முழுதும் வண்டிக்காரர் தலையில்தான். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கூலி பாக்கி இருக்கும்வரை வண்டியை நிறுத்தி வைக்க, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு பட்டறைக்காரருக்கு உரிமை தருகிறது. பேச்சு முதலிலேயே சுத்தமாக இருக்கட்டும்.

பணம் கொடுக்கும்முன் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கோளாறு கம்பெனியுடையதாகவே இருக்கலாம். 2021 செப்டம்பரில் மாருதி சுசூகி நிறுவனம் சியாஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்எல்6 பெட்ரோல் வண்டிகள் 1,81,754-ஐ மோட்டார் ஜெனரேட்டர் பகுதியைச் சோதிப்பதற்காகத் திரும்ப அழைத்தது. 2018 மே 4 முதல் 2020 அக்டோபர் 27 வரை தயாரானவை. சோதனையும் மாற்றமும் இலவசம். அதுவரை நீர் தேங்கிய இடங்களில் ஓட்ட வேண்டாம், மின்பாகங்களில் நேராகத் தண்ணீர் அடிக்க வேண்டாம் என்றும் அந்த நிறுவனம் கேட்டுக்கொண்டது. இதை அறியாமல் வெளிப் பட்டறையில் செலவு செய்திருந்தால் வீண்தானே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி கட்டாயத் திரும்ப அழைப்பு விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. சேஸ் நம்பரைக் கொடுத்து டீலரிடம் விசாரிக்க ஐந்து நிமிடம் ஆகும்.

சேவையில் குறை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். 1915 என்ற எண்ணில் யோசனை கேட்கலாம். வணிக நோக்கத்துக்குப் பெற்ற சேவை இச்சட்டத்தில் வராது. ஆயினும் சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்கு மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளுக்கு விலக்கு உண்டு. தன் ஒரே லோடு வண்டியைத் தானே ஓட்டும் சில்லறைக் கடைக்காரருக்கு இடமிருக்கலாம். நாலைந்து லாரி வைத்திருக்கும் மொத்த வியாபாரிக்குக் கடினம். குடும்பக் காருக்குச் சிக்கலில்லை.

பழுதுக் கூலிக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு. சரக்கு வண்டியானால் இதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். கடை உபயோகத்துக்கென்று வாங்கிய காரானாலும் பதிமூன்று இருக்கைக்குட்பட்ட பயணிகள் வண்டிக்குப் பொதுவாகக் கழிக்க முடியாது. காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு எதற்கும் கிடையாது. லோடு வண்டிக்குப் பில் வாங்கும்போது நம் ஜி.எஸ்.டி. எண்ணோடு வண்டி நம்பரையும், எந்த ஒயர், எந்த முனை சரி செய்யப்பட்டது என்பதையும் பில்லிலேயே எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு பட்டறைக்குப் போனாலும், தேடலை எங்கிருந்து தொடங்குவது என்று அந்தப் பில்லே காட்டும்.