பிளேட் பூட்டிய காரை மனைவி ஓட்டலாமா?

கேள்வி: இங்கிலாந்தின் மத்திய பகுதியில் ஒரு நகரத்தில் ஒன்பது வருடமாக மினிகாப் ஓட்டுகிறேன். சாரதி லைசென்ஸும் காரின் பிளேட்டும் எங்கள் கவுன்சில் தந்தவை. கார் என் பெயரில். கடன்கூடக் கட்டி முடித்துவிட்டேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல். மகளைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து கூட்டிவர மனைவி அந்தக் காரை எடுத்துப் போனார். அவர் கார் ஓட்டும் பரீட்சையில் தேறிப் பதினான்கு மாதம். வழியில் பொலிஸும் கவுன்சில் அதிகாரிகளும் சேர்ந்து மினிகாப்களை மறித்துச் சோதித்திருக்கிறார்கள். இப்போது அவருக்கு ஒரு கடிதம், எனக்கு ஒரு கடிதம். லைசென்ஸ் வைத்திருக்க நான் ‘தகுந்த ஆள்’தானா என்று பார்க்கக் குழுவின் முன் வரச் சொல்கிறார்கள். ஹாரோவில் மினிகாப் ஓட்டும் என் மச்சான், தன்னுடைய காரை மனைவி தினமும் ஓட்டுகிறார், அதில் பிழையே இல்லை என்கிறார். ஒரு நண்பர், பக்கத்து கவுன்சிலில் புதிதாக எடுத்துவிடு என்கிறார். வீட்டுக் கடன் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள். என்ன செய்வது ஐயா?

பதில்: உங்கள் மச்சான் சொன்னது பொய்யில்லை. அவர் லண்டனில் இருக்கிறார், நீங்கள் வெளியே இருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

லண்டன் மினிகாப்களுக்கு 1998ஆம் ஆண்டின் தனிச் சட்டம். லைசென்ஸ் தருவது லண்டன் போக்குவரத்து ஆணையம். அங்கே காரை மினிகாப்பாக ஓட்டும்போதுதான் சாரதி லைசென்ஸ் கேட்பார்கள். காப்புறுதி சரியாக இருந்தால் மச்சானின் மனைவி அதே காரில் மரக்கறி வாங்கப் போகலாம். லண்டனுக்கு வெளியே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுவாக நடைமுறையில் இருப்பது 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம். அதன் 46ஆம் பிரிவுப்படி, பிளேட் உள்ள காருக்குச் சாரதியாக இருப்பவர் கவுன்சிலின் சாரதி லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். பயணி ஏறியிருக்கிறாரா, காசு கைமாறியதா என்பதெல்லாம் அங்கே பேச்சில்லை. 1997இல் பென்சன் எதிர் பாய்ஸ் வழக்கில் உயர் நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது: லைசென்ஸ் பெற்ற கார் எந்நேரமும் மினிகாப்தான். கறுப்பு டாக்ஸிகளுக்கும் இதே நிலைதான்.

கதவில் ஒட்டிய காந்தப் பலகையைக் கழற்றிவிட்டால் கார் குடும்பக் காராகிவிடும் என்று நம்மவர்கள் பலர் நம்புகிறார்கள். ஆகாது. பின் பம்பரில் திருகாணி போட்டு இறுக்கிய பிளேட்டைக் கழற்றிக் கராஜில் வைத்தாலும் ஆகாது. அதற்கு வேறு கேள்வி வரும். வாகன லைசென்ஸையே கவுன்சிலிடம் திருப்பிக் கொடுத்தால்தான் அது மறுபடி சாதாரணக் கார். காருக்குக் காசு கட்டியது நீங்கள்தான். ஆனால் அந்த பிளேட் கவுன்சிலின் சொத்து.

முதலில் மனைவியின் கடிதத்தைப் பார்ப்போம். உங்களுடையதைவிட அது அவசரம். 46ஆம் பிரிவுக் குற்றத்துக்கு அதிகபட்சம் 1,000 பவுண் அபராதம். ‘தெரிந்தே’ மீறியிருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அது மினிகாப் என்பதும், தன்னிடம் அந்த லைசென்ஸ் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். சட்டம் தெரியாது என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம், குற்றத்திலிருந்து விடுவிக்காது. நான் பயப்படுவது காப்புறுதிக்குத்தான். மினிகாப் காப்புறுதிப் பத்திரங்களில் பெரும்பாலும் லைசென்ஸ் உள்ள சாரதியின் பெயர் மட்டுமே இருக்கும். அப்படியென்றால் மனைவி காப்புறுதி இல்லாமல் ஓட்டியிருக்கிறார்: ஆறு முதல் எட்டுப் புள்ளிகள். பரீட்சையில் தேறி இரண்டு வருடத்துக்குள் ஆறு புள்ளி சேர்ந்தால், 1995ஆம் ஆண்டின் புதிய சாரதிகள் சட்டப்படி அவருடைய சாதாரண லைசென்ஸே ரத்தாகும். மறுபடி எல் பலகை, மறுபடி பரீட்சை.

அதனால் 300 பவுணும் ஆறு புள்ளியும் என்று ஒரு தாள் வந்தால், தொல்லை தீர்ந்தது என்று உடனே காசைக் கட்ட வேண்டாம். காப்புறுதி இருப்பதாக நீங்கள் சொன்னதை நம்பித்தான் அவர் ஓட்டினார் என்பது உண்மையானால், புள்ளி போடாமல் விடுவதற்கான ‘சிறப்புக் காரணம்’ என்று நீதிமன்றத்தில் வாதிட இடமுண்டு. அந்த வாதம் பழியை உங்கள் பக்கம் திருப்பும். ஓட்ட அனுமதித்தவர் என்ற வகையில் உங்களுக்கும் அதே புள்ளிகள் வரலாம். எனவே ஒரே சட்டத்தரணி இருவருக்கும் பேசுவது சரிவராது. கணவன் மனைவிக்கு இரண்டு சட்டத்தரணியா என்று கேட்பீர்கள். இந்த விஷயத்தில் ஆம்.

இனி உங்கள் கடிதம். கவுன்சிலுக்கு மத்திய அரசு 2020 ஜூலையில் தந்த வழிகாட்டு நெறிகள் குழுவினர் கையில் இருக்கும். அவர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ளும் கேள்வி எளிமையானது: நாம் அன்பு வைத்திருக்கும் ஒருவரை, எந்த நேரத்திலும், தனியாக இவருடைய காரில் அனுப்புவோமா? சந்தேகத்தின் பலனைச் சாரதிக்குக் கொடுக்கக் கூடாது என்றும் அதே நெறிகள் சொல்கின்றன. குற்றவியல் நீதிமன்றத்தில் நடப்பதற்கு இது நேர் எதிர்.

சில வருடங்களுக்கு முன் ஒருவருடன் இப்படியொரு குழுவின் முன் போனேன். ஒரு பிளாஸ்டிக் உறை நிறைய வீட்டுக் கடன் கடிதங்கள், பிள்ளைகளின் பாடசாலைக் கடிதங்கள் எல்லாம் கொண்டு வந்திருந்தார். ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். தலைவராக இருந்த பெண்மணி அவற்றை மெதுவாக அவர் பக்கமே தள்ளிவிட்டு, காப்புறுதிப் பத்திரத்தைக் கடைசியாக எப்போது வாசித்தீர்கள் என்று மட்டும் கேட்டார். அவரிடம் பதில் இல்லை. அந்தப் பெண்மணி கல்நெஞ்சக்காரர் இல்லை. 2002இல் லீட்ஸ் கவுன்சில் எதிர் ஹுசைன் வழக்கு அதைத்தான் சொல்கிறது: லைசென்ஸ் போனால் சாரதியின் குடும்பம் என்ன பாடுபடும் என்பதைக் கவுன்சில் கணக்கில் எடுக்கத் தேவையில்லை. குடும்ப நிலைமை நடந்த தவறை விளக்கினால் மட்டும் கதை வேறு. உங்கள் காய்ச்சல் விளக்கும். வீட்டுக் கடன் விளக்காது.

ஆகவே கொண்டுபோக வேண்டியவை வேறு. ஒன்பது வருடத்தில் முறைப்பாடு இல்லையென்றால் அதைச் சொல்லும் பதிவு, உங்கள் மினிகாப் நிறுவனத்தின் கடிதம், அன்று உடல்நலமில்லை என்பதற்கான சான்று. அதிகாரி குழுவுக்குக் கொடுக்கும் அறிக்கையின் பிரதியை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். அதற்கு முன் ‘எச்சரிக்கையின் கீழ்’ பதிவு செய்யும் நேர்காணலுக்கு அழைத்தால் தனியாகப் போகாதீர்கள். உங்கள் மீது போக்குவரத்துக் குற்றச்சாட்டு வந்தால் கவுன்சிலுக்கு நீங்களே அறிவிக்க வேண்டும். பல கவுன்சில்கள் 48 மணி நேரம்தான் தருகின்றன. லைசென்ஸ் நிபந்தனைகளில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

லைசென்ஸை ரத்துச் செய்தால் 21 நாளுக்குள் நீதவான் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்ய வேண்டும். இந்தக் கெடுவை நீதிமன்றத்தால்கூட நீட்ட முடியாது. பொதுப் பாதுகாப்புக்காக உடனடியாக நடைமுறைக்கு வரும் என்று அறிவித்தலில் எழுதியிருந்தால் அன்றே காரை நிறுத்த வேண்டும். அப்படி எழுதாவிட்டால் மேன்முறையீடு முடியும்வரை ஓட்டலாம். ஒரு கசப்பான செய்தி: வழக்கில் வென்றாலும், கவுன்சில் நேர்மையாகவும் நியாயமாகவும் நடந்திருந்தால் உங்கள் செலவை அது தரவேண்டியதில்லை என்பது 2000ஆம் ஆண்டு பிராட்ஃபோர்ட் எதிர் பூத் தீர்ப்பு. மேன்முறையீட்டுக்கு முன் கணக்குப் பாருங்கள்.

பக்கத்து கவுன்சில் யோசனையை விடுங்கள். வேறு கவுன்சிலில் லைசென்ஸ் எடுத்து உங்கள் ஊரில் ஓட்டுவது சட்டவிரோதம் இல்லை. சாரதி, கார், நிறுவனம் மூன்றும் ஒரே கவுன்சிலின் லைசென்ஸில் இருந்தால் போதும். ஆனால் நடந்த விசாரணையை விண்ணப்பத்தில் கேட்பார்கள், மறைத்தால் அதுவே தனிக் குற்றம். பாதுகாப்புக் காரணங்களுக்காக ரத்தான, மறுக்கப்பட்ட லைசென்ஸ்களை இங்கிலாந்தின் கவுன்சில்கள் 2023 ஏப்ரல் முதல் பொதுவான ஒரு பதிவேட்டில் ஏற்றியாக வேண்டும். பதிவு 11 வருடம் நிற்கும்.

தமிழ்ப் பள்ளிக்கு என்ன வழி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒரு வருடம் சாதாரண லைசென்ஸ் வைத்திருந்தவர் மினிகாப் சாரதி லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. சில கவுன்சில்கள் கூடுதல் காலம் கேட்கும். இந்தப் புள்ளி விவகாரம் முடிந்த பிறகு மனைவியும் அதை எடுத்து, காப்புறுதியிலும் அவர் பெயரைச் சேர்த்தால் பிளேட் உள்ள காரை அவர் ஓட்டலாம். அதுவரை சனிக்கிழமைகளில் அவரும் மகளும் பஸ்ஸில் போகட்டும்.