வீதி வேலை தொடங்குமுன் கேட்க வேண்டியவை

மீள்குடியேறிய ஊருக்கு முதலில் வந்து சேர்வது மணலும் கிறவலும் கல்லும்தான். வீடு, பாடசாலை, கிணறு, மதகு, வீதி என எதைக் கட்டுவதானாலும் பொருட்கள் வாகனத்தில்தான் வரவேண்டும். பல காலம் இடம்பெயர்ந்திருந்து திரும்பிய உங்களுக்கு டிப்பர் வரும் சத்தம் நம்பிக்கை தரும் சத்தமாக இருக்கலாம். ஆனால் அந்த டிப்பர் வருவதும் உங்கள் பிள்ளை பாடசாலைக்கு நடந்து போவதும் ஒரே வீதியில்தான்.

இந்தப் பாடம் அபிவிருத்தி வேலைகளை எதிர்ப்பதற்கானது அல்ல. வேலை நடக்கும் காலத்திலும் முடிந்த பின்னரும் ஊரவருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வதற்கானது. இதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: வாகனம் எந்த வழியால், எந்த நேரத்தில் வரும் என்பதை முதல் லோட் இறங்குமுன் பேசித் தீர்மானியுங்கள். வேலை தொடங்கிய பின் மாற்றுவது எல்லோருக்கும் கடினம்.

வாவியும் எமது பாதைகளும்

மட்டக்களப்பு வாவி எமது மாவட்டத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பிரிக்கிறது. வைத்தியசாலை, கச்சேரி, பெரிய சந்தை ஆகியவற்றுக்காகப் படுவான்கரை மக்கள் வாவியைக் கடக்க வேண்டியிருக்கிறது. கடக்கும் இடங்களோ மிகச் சில. ஆகவே ஓரிடத்தில் வேலை நடந்தாலும் அதன் பாதிப்பு பல ஊர்களுக்குப் பரவும். எமது மாவட்டத்திலேயே கட்டப்பட்ட பாலங்கள் இதற்கு நல்ல உதாரணங்கள்.

கல்லடிப் பாலத்தைப் பாருங்கள். 1924இல் கட்டப்பட்ட பழைய பாலத்தில் ஒரு திசை வாகனங்கள் போகும்போது மறு திசை வாகனங்கள் காத்து நிற்க வேண்டும். புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது. அது பழைய பாலத்தின் அருகிலேயே கட்டப்பட்டதால், வேலை நடந்த காலத்திலும் மக்கள் பழைய பாலத்தால் போய்வர முடிந்தது. ஓட்டமாவடியிலும் இப்படித்தான். ரயிலும் ஏனைய வாகனங்களும் ஒரே பாலத்தைப் பயன்படுத்திய இடத்தில், வீதிக்கெனத் தனிப் பாலம் பக்கத்தில் அமைக்கப்பட்டது. இவை தரும் பாடம்: புதிய வழி தயாராகும் வரை பழைய வழியை மூடக்கூடாது. இது பெரிய பாலத்துக்கு மட்டுமல்ல, உங்கள் ஊர் மதகுக்கும் பொருந்தும்.

மண்முனைப் பாலம் வேறொரு பாடத்தைத் தருகிறது. ஜப்பானின் நன்கொடையில் கட்டப்பட்ட, 210 மீற்றர் நீளமான இப்பாலம் 2014 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதற்கு முன் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் மண்முனைத் துறையில் ‘பாதை’க்காகக் காத்திருந்துதான் வாவியைக் கடந்தார்கள். இரவில் வருத்தம் வந்தவர்களுக்கும் பிள்ளைப்பேற்றுக்குப் போகும் தாய்மாருக்கும் அந்தக் காத்திருப்பு எவ்வளவு கொடியது என்பது உங்களுக்குத் தெரியும். பாலம் அந்தத் துன்பத்தை நீக்கியது.

ஆனால் ‘பாதை’ ஒரு தடையாக மட்டும் இருக்கவில்லை. அது வாகனங்களின் எண்ணிக்கையையும் வேகத்தையும் தானாகவே கட்டுப்படுத்தியது. ஒரு தடவையில் சில வாகனங்கள்தான் இறங்கும். பாலம் வந்தபின் அந்தக் கட்டுப்பாடு இல்லை. எந்த நேரத்திலும் எந்த வாகனமும் வரலாம். தான்தோன்றீஸ்வரர் ஆலயத் தேரோட்டக் காலத்திலும், வேளாண்மை வெட்டுக் காலத்திலும் இது இன்னும் கூடும். வேலை முடிந்தவுடன் ஆபத்து முடிவதில்லை. அது வேறு வடிவத்தில் தொடங்குகிறது.

ஒரு சின்னக் கணக்கு

உங்கள் ஊரில் 40 வீடுகள் கட்டப்படுவதாக வைத்துக்கொள்வோம். மணல், கிறவல், கல், சீமெந்து, ஓடு, மரம் எல்லாம் சேர்த்து வீடொன்றுக்கு 12 லோட் என்றால் மொத்தம் 480 லோட். ஒவ்வொரு வாகனமும் திரும்பிப் போகவும் வேண்டும். ஆகவே உங்கள் வாசலால் 960 தடவை கனரக வாகனம் போகிறது.

இந்த வேலை 150 நாட்களுக்குப் பரவினால் நாளொன்றுக்கு ஆறு, ஏழு தடவைதான். ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? மாரி மழைக்கு முன் கூரை போட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில் எல்லாம் கடைசி 50 நாட்களில் நெருக்கப்படுகிறது. அப்போது நாளொன்றுக்கு 19 தடவை. எட்டு மணித்தியால வேலை நாளில் 25 நிமிடத்துக்கு ஒன்று. வேலையின் அளவு ஒன்றுதான், கால ஒழுங்குதான் வேறு. ஆகவே பொருட்களை முன்கூட்டியே, படிப்படியாக இறக்கும்படி கேட்பது பாதுகாப்புக்கான முதல் படி.

வேலைக்கு முன்: ஏழு கேள்விகள்

கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டத்துக்கு ஒப்பந்தக்காரரையும் பொறுப்பான தொழில்நுட்ப உத்தியோகத்தரையும் அழையுங்கள். கிராம உத்தியோகத்தரும் பாடசாலை அதிபரும் இருப்பது நல்லது. இவற்றைக் கேளுங்கள்:

1. இது யாருடைய வேலை? யாருடைய வீதி? வேலை எப்போது தொடங்கும், எப்போது முடியும்?

2. வாகனங்கள் எந்த வழியால் வரும்? பாடசாலை, கோயில், தாய் சேய் நிலையம் இருக்கும் ஒழுங்கையைத் தவிர்க்க முடியுமா?

3. எந்த நேரத்தில் வரும்? பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கி பிற்பகல் 1.30க்கு முடிகிறது. 6.45 முதல் 7.45 வரையும், 1.15 முதல் 2.15 வரையும் கனரக வாகனம் ஊருக்குள் வரவேண்டாம் எனக் கேட்கலாம்.

4. கல்லையும் மணலையும் எங்கே குவிப்பார்கள்? வீதியோரத்தில் குவித்தால் நடப்பவர்களும் சைக்கிளில் போவோரும் வீதியின் நடுவுக்குத் தள்ளப்படுவார்கள்.

5. மாற்றுப் பாதை எது? அதால் அம்பியுலன்ஸ் போக முடியுமா? மழை வந்தால் அது தாங்குமா?

6. இப்போதிருக்கும் வீதியும் மதகும் லோட் வாகனங்களால் உடைந்தால் யார் திருத்துவது?

7. பிரச்சினை வந்தால் யாரிடம் சொல்வது? அவருடைய பெயரும் தொலைபேசி இலக்கமும் என்ன?

பதில்களைக் கூட்ட அறிக்கையில் எழுதி, வந்தவர்களிடம் கையொப்பம் வாங்குங்கள். வேலை தொடங்குமுன் வீதியையும் மதகையும் திகதியுடன் படம் எடுத்து வையுங்கள். பின்னர் “இது முன்பே உடைந்திருந்தது” என்று யாரும் சொல்ல முடியாது.

கூட்டத்தில் பெண்களின் குரல் முக்கியம். பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கூட்டிப் போவது, தண்ணீர் எடுப்பது, சந்தைக்குப் போவது என ஊர் வீதியில் அதிகம் நடப்பவர்கள் அவர்கள்தான். எந்த வளைவு ஆபத்தானது என்பதை அவர்களே நன்கு அறிவார்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலை நடக்கும்போது

வெட்டிய குழியைச் சுற்றி நாடா கட்டினால் மட்டும் போதாது. இரவில் அது தெரியாது. ஒளி தெறிக்கும் பலகையோ விளக்கோ இருக்க வேண்டும். ஒரு பக்கம் மூடி மறு பக்கத்தால் வாகனம் விடும் இடத்தில் இரு முனையிலும் கொடி காட்டுபவர்கள் நிற்க வேண்டும். புழுதி எழும் வீதிக்கு நாளுக்குச் சில தடவை பவுசரால் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். புழுதி சுவாசத்துக்குக் கேடு என்பது ஒரு காரணம். புழுதிக்குள் எதிரே வரும் சைக்கிளைச் சாரதி காணமாட்டார் என்பது அதைவிட அவசரமான காரணம்.

மழைக்காலத்தில் கூடுதல் கவனம் தேவை. ஐப்பசி முதல் தை வரை எமது தாம்போதிகள் பல நீரில் மூழ்கும். மதகை உடைத்துவிட்டுப் பக்கத்தில் மண் போட்டுத் தற்காலிகப் பாதை அமைத்தால், அது வெள்ளத்தை மறித்து வயலுக்குள் திருப்பும்; அல்லது தானே அடித்துச் செல்லப்படும். இரண்டும் இழப்புத்தான். மதகு வேலைகளை மழைக்கு முன் முடிக்கவும், தற்காலிகப் பாதைக்குக் கீழே குழாய் வைக்கவும் வலியுறுத்துங்கள். நீர் ஓடும் தாம்போதியை நடந்தோ வாகனத்திலோ கடக்க வேண்டாம்.

மண் கிளறப்படும் இடத்தில் சந்தேகமான பொருள் எதையாவது கண்டால் தொடவேண்டாம். வேலையை நிறுத்தச் சொல்லி உடனே பொலிசாருக்கு அறிவியுங்கள்.

வேலை முடிந்த பின்

கிறவல் வீதியில் குழியே வாகனத்தின் வேகத்தைக் குறைத்தது. காப்பட் வீதியில் அது இல்லை. மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ 8 மீற்றர் கடக்கும். 60இல் போனால் ஏறத்தாழ 17 மீற்றர். பிள்ளை குறுக்கே ஓடுவதைக் கண்டு சாரதி பிரேக்கை மிதிக்கவே ஒரு செக்கன் போய்விடும். லோட் ஏற்றிய டிப்பர் நிற்பதற்கு அதற்கு மேலும் பல மீற்றர் வேண்டும்.

ஆகவே வேலையை ஒப்படைக்குமுன் பாடசாலைக்கு முன்னால் பாதசாரிக் கடவை, வேகத்தடை, அறிவிப்புப் பலகை, நடப்பதற்கான வீதியோரம் ஆகியவை உள்ளனவா என்று பாருங்கள். ஒப்பந்தக்காரரும் இயந்திரமும் ஊரில் இருக்கும்போது கேட்டால் கிடைப்பது எளிது.

எமது பக்கத்திலும் கடமை உண்டு. புது வீதியில் நெல் காயப் போடுவதும், இரவில் மாடுகளை வீதியில் படுக்க விடுவதும் வழக்கமாகிவிட்டது. நெல்லைத் தவிர்க்கப் போய் வாகனம் மறுபக்கத்துக்கு விலகுகிறது. இருட்டில் கறுத்த மாடு மோட்டார் சைக்கிளில் வருபவரின் உயிரை எடுக்கிறது. நெல் காயவைக்க ஊரில் பொதுத் தளம் ஒன்றைக் கேட்டுப் பெறுவது நல்லது. அதுவரை வீதியை வீதியாகவே விடுவோம்.

யாரிடம் போவது?

‘ஏ’, ‘பி’ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. ‘சி’, ‘டி’ தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியவை. ஊருக்குள் இருக்கும் ஏனைய வீதிகள் பெரும்பாலும் பிரதேச சபையின் பொறுப்பு. எது யாருடையது என்று தெரியாவிட்டால் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். வேகமாகவும் கவனமின்றியும் ஓட்டும் சாரதிகள் பற்றிப் பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவில் முறையிடலாம். வாகன இலக்கம், நேரம், இடம் மூன்றையும் குறித்துக் கொடுங்கள். மணலும் கிறவலும் ஏற்றிச் செல்ல அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதையும் அறிந்திருங்கள்.

வேலையின் விபரங்களைத் தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் உங்களுக்கு உதவும். அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அவர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. பற்றுச்சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

விபத்து நடந்தால் அம்பியுலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119.

கூடிப் பேசுவதற்கு

- உங்கள் ஊரின் வரைபடத்தை நிலத்தில் கீறுங்கள். பிள்ளைகள் நடக்கும் வழியைக் கல்லாலும், லோட் வாகனம் வரும் வழியைக் குச்சியாலும் குறியுங்கள். இரண்டும் எங்கே சந்திக்கின்றன?
- அந்த இடங்களில் ஒன்றைத் தெரிந்து, இந்த மாதத்துக்குள் யாரிடம் என்ன கேட்பது என்று தீர்மானியுங்கள்.
- கேட்கப் போகும் இருவரின் பெயரை இன்றே எழுதுங்கள். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும்.